பழைய கணனிகளும் புதிய இயங்குதளமும்: வன்னிக்கு உகந்த தெரிவு எது?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னர் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைபாடுகளுக்கு வழமையான திருத்தங்கள் கிடைக்கமாட்டா. வீட்டுப் பாவனையாளர்கள் பதிவுசெய்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை நீடிப்புப் பெறலாம் என அறிவிக்கப்பட்டது. வசதியுள்ள அலுவலகமொன்றுக்கு இது பழைய கணனிகளை மாற்றவேண்டிய காலம். வன்னிப் பெருநிலப்பரப்பிலோ கையிலிருக்கும் கணனியை எவ்வாறு காப்பாற்றுவது என்பதே வினா.

இதற்குக் காரணம் உண்டு. போர்க்காலத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பெரும்பகுதி தேசிய மின்விநியோகத்துடன் இணைக்கப்படாதிருந்தது. 2008, 2009 இடப்பெயர்வுகளில் எஞ்சியிருந்த உபகரணங்களும் அழிந்துபோயின. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்த பின்னர் முல்லைத்தீவுக்கு மீண்ட முஸ்லிம் குடும்பங்களும் வெறுங்கையுடனேயே தொடங்கின. ஆகவே வன்னியின் கணனி வரலாறு பெரும்பாலும் மீள்குடியேற்றத்தின் பின்னரே ஆரம்பிக்கின்றது எனலாம். 2012ஐ அண்டிய ஆண்டுகளில் மஹிந்தோதய தொழினுட்ப ஆய்வுகூடங்கள் பாடசாலைகளில் அமைக்கப்பட்டன. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு அறிமுகமானது. வீடுகளுக்கு வந்தவையோ கொழும்பில் பாவித்துக் கழித்தவை அல்லது வெளிநாட்டு உறவினர் அனுப்பியவை. 2022இல் டொலரொன்றின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவையும் தாண்டியபோது புதிய கணனி சாதாரண குடும்பத்துக்கு எட்டாக்கனியாயிற்று.

2021 ஒக்டோபரில் வெளியான விண்டோஸ் 11 இக்கணனிகளை ஏற்க மறுக்கின்றது. 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பிடமும் பெரும் தடையல்ல. டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் நிறுவனத்தின் எட்டாந் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய முறைவழியாக்கியும் வேண்டும் என்பதே தடை. எட்டாந் தலைமுறை 2017இலேயே சந்தைக்கு வந்தது. முறைவழியாக்கியின் பெயரில் ஐ5-4570 என்றிருந்தால் அது நான்காந் தலைமுறை. ஐ5-8400 என்றிருந்தால் எட்டாந் தலைமுறை. இரண்டாங்கைக் கணனி வாங்குவோர் கடைக்காரரிடம் முதலில் கேட்கவேண்டியது இந்த இலக்கத்தையே.

தடையைத் தாண்டும் வழிகள் இல்லாமலில்லை. ரூபஸ் என்னும் இலவச மென்பொருளினால் நிறுவல் பென் டிரைவைத் தயாரிக்கும்போது மேற்படி சோதனைகளை நீக்கிவிடலாம். ஆறாம், ஏழாந் தலைமுறைக் கணனிகளில் இவ்வாறு நிறுவிய விண்டோஸ் 11 பெரும்பாலும் நன்றாகவே இயங்குகின்றது. ஆயினும் அத்தகைய கணனிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை என மைக்ரோசொப்ட் முன்னரே கூறிவிட்டது. அது வெறும் எச்சரிக்கையன்று. 2024இல் வெளியான 24எச்2 பதிப்பு, முறைவழியாக்கியில் சில குறிப்பிட்ட கட்டளைகள் இருந்தாலன்றித் தொடங்கவே மாட்டாது. இதனால் கோர் 2 டுவோ கணனிகள் முற்றாக விலக்கப்பட்டுவிட்டன. வீட்டில் ஒருவர் இப்பரீட்சையில் இறங்கலாம். உயர்தர மாணவர்களின் செயற்றிட்டங்கள் தங்கியுள்ள ஆய்வுகூடத்தில் இதனைச் செய்வது பொருத்தமற்றது.

திருத்தங்கள் இன்றியே பழைய விண்டோஸைத் தொடர்வதும் தீர்வாகாது. 2017 மே மாதம் பரவிய வன்னாக்ரை, திருத்தங்கள் நிறுவப்படாத கணனிகளையே பெருமளவில் தாக்கி, பிரித்தானியாவில் வைத்தியசாலைகளின் பணிகளையும் முடக்கியது.

எனவே பாடசாலைகளுக்கு லினக்ஸே உகந்தது. லினக்ஸ் மின்ட் 22, 2029 வரை ஆதரிக்கப்படுகின்றது. 2 ஜிகாபைட் நினைவகத்திலும் இயங்கும், 4 ஜிகாபைட் இருந்தால் வசதி. வன்தட்டில் கைவைக்காது பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். ஒருமுறை தரவிறக்கிய பிரதியை வலயத்திலுள்ள எல்லாப் பாடசாலைகளும் சட்டப்படி பகிர்ந்துகொள்ளலாம். அனுமதியற்ற விண்டோஸ் பிரதியோ 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு முரணானது. சாதாரண தரத்துக்குரிய பஸ்கால் மொழியையும் உயர்தரத்துக்குரிய பைதன் மொழியையும் லினக்ஸில் தடையின்றிக் கற்பிக்கலாம். ஆவணம், விரிதாள் ஆகியவற்றுக்கு லிப்ரே ஒபிஸ் உண்டு. கொமியூனிகேஷன் கடை நடத்துவோர் மட்டும் அவசரப்படலாகாது: சில லேசர் அச்சுப்பொறிகள் லினக்ஸில் இலகுவில் இயங்கா.

32 பிட் முறைவழியாக்கி கொண்ட மிகப் பழைய கணனிகளின் நிலை வேறு. 2025இல் வெளியான டெபியன் 13, அவற்றுக்கான நிறுவியைக் கைவிட்டது. அதற்கு முந்திய டெபியன் 12 அவற்றில் நிறுவத்தக்கது. அதன் நீண்டகால ஆதரவு 2028 ஜூனில் முடிவடையும்.

தமிழில் எழுத முடியுமா என்ற ஐயம் பலருக்கு உண்டு. விண்டோஸ் 98 காலத்தில் அது நியாயமான ஐயமே. விண்டோஸில் ஒருங்குறித் தமிழுக்கு ஆதரவு 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே வந்தது. இன்று லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையோடு இலங்கையில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கின்றது. பாமினியில் தட்டெழுதிய பழைய வினாத்தாள்களையும், அவ்வெழுத்துருவைப் பிரதிசெய்து நிறுவினால் வாசிக்கலாம்.

இயங்குதளத்தை மாற்றுமுன் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நன்று. வன்னியின் செம்மண் புழுதி காற்றாடியில் படிந்து முறைவழியாக்கியைச் சூடாக்கிவிடும். சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்துவது வேறெந்த மாற்றத்தையும்விட வேகத்தைக் கூட்டும். தாய்ப்பலகையில் சி.ஆர். 2032 என்ற நாணய வடிவ மின்கலமொன்று உண்டு. அது செயலிழந்தால், மின்சாரம் துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் கணனியின் திகதி பல ஆண்டுகள் பின்சென்றுவிடும். பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்க மறுக்கும். கணனி பழுதாகிவிட்டதென ஒதுக்குமுன் அந்த மின்கலத்தை மாற்றிப் பார்க்கவேண்டும். அதன் விலை சில நூறு ரூபாவே.