ஓட்டத் தகுதியும் பாலின வரையறையும்: கொங்கு நாட்டின் இரு வழக்குகள்

கொங்கு நாட்டில் ஓட்டத்திற்கும் பாலின அடையாளத்திற்கும் இடையிலான பிணக்கு தடகள அரங்கில் எழுந்ததைவிடக் காவலர் தேர்வை ஒட்டியே வெளிப்படையாக எழுந்தது என்பது, விளையாட்டு வரலாற்றை மட்டும் படிப்பவர் கண்ணில் எளிதில் படாத செய்தி. கோவை முதல் தருமபுரி வரையிலான ஊர்களில் விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடும் இளைஞர்களில் பலர் பதக்கத்தைவிடக் காக்கிச் சட்டையை எண்ணியே ஓடுகின்றனர். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமத்தின் விதிப்படி ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 வினாடியிலும் ஓடி முடிக்க வேண்டும். இந்த விதி இரண்டு வரிசைகளை வகுத்துக்கொண்டதால், விசில் ஊதப்படுவதற்கு முன்பே ஒருவர் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்ற கேள்வி எழுந்துவிடுகிறது.

அக்கேள்வி தமிழ்நாட்டில் முதலில் பெரிதாக வெடித்தது 2006-இல். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்திரராஜன், தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி வெள்ளி வென்றார். பின்னர் நடந்த பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் திருநங்கை அல்லர். பிறப்பில் ஆணென்று பதிவாகிப் பெண்ணாகத் தம்மை உணர்ந்து வாழ்பவரே திருநங்கை. சாந்தியோ பிறந்ததிலிருந்து பெண்ணாக வளர்ந்தவர். குரோமோசோமோ ஹார்மோனோ வழக்கமான ஆண், பெண் வகைக்குள் அடங்காத உடலோடு பிறப்பதை இடைப்பால் நிலை என்பர். இவ்விரண்டையும் நாளிதழ்கள் அன்று ஒன்றாகவே குழப்பின. 2016-இல் மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் பணி கிடைக்கும்வரை, செங்கல் சூளைக் கூலி உட்பட அவர் பட்ட பாடு அந்தக் குழப்பத்தின் விலையில் ஒரு பகுதி.

சாந்திக்கு நேர்ந்த சோதனைக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. 1966-இல் புடாபெஸ்டில் வீராங்கனைகள் மருத்துவர்கள் முன் ஆடையின்றி நிறுத்தப்பட்டனர்; 1968 ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனை வந்தது; அது நம்பத்தகாதது என்று 1999-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அனைவருக்குமான சோதனையைக் கைவிட்டது. ஆயினும் ஐயம் எழுந்தவரை மட்டும் சோதிக்கும் வழக்கம் தொடர்ந்தது. அந்த ஐயம் யார்மீது எழுகிறது என்பதில்தான் அநீதி தங்கியிருந்தது.

இந்தப் பின்னணியில் கரூர் வழக்கு தனித்த கவனத்திற்குரியது. பெண்ணாகப் பதிவாகிப் பெண்ணாகவே வளர்ந்து, இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வான ஒருவர், மருத்துவப் பரிசோதனையில் வேறு பாலினத்தவர் என்று முத்திரை குத்தப்பட்டுப் பணிநீக்கம் செய்யப்பட்டார். கரூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். நாகமுத்து 2014 ஏப்ரல் 17 அன்று நீக்க ஆணையை ரத்து செய்தார். தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமை ஒருவருக்கு உண்டென்று உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் தீர்ப்பளித்து அப்போது இரண்டே நாள் ஆகியிருந்தது. தடகள அமைப்புகள் பல பத்தாண்டுகளாக மருத்துவர் கையில் ஒப்படைத்திருந்த முடிவை, இத்தீர்ப்பு ஒரு காவலரின் வேலையை முன்னிட்டு அவர் கைக்கே திருப்பித் தந்தது; தோகாவில் சாந்திக்குக் கிடைக்காத வாதம் இது.

அடுத்த ஆண்டு சேலத்தைச் சேர்ந்த திருநங்கை பிரித்திகா யாஷினி சார்பு ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தார். படிவத்தில் ஆண், பெண் என்ற இரு கட்டங்களே இருந்ததால் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. உயர் நீதிமன்றத்தை நாடித்தான் அவர் எழுத்துத் தேர்வுக்கும் உடற்தகுதித் தேர்வுக்கும் செல்ல முடிந்தது. அங்கே 100 மீட்டர் ஓட்டத்தில் தகுதி நேரத்தைவிடச் சுமார் 1.1 வினாடி பிந்தினார். திருநங்கையர் பெண்களை எளிதில் முந்திவிடுவர் என்ற பரவலான அச்சத்திற்கு இது நேர்மாறான நிகழ்வு. ஒரே ஒருவரின் ஓட்டத்தை வைத்துப் பொதுவிதி எழுத இயலாது என்றாலும், அந்த அச்சமும் அப்படித்தான் ஓரிருவரை வைத்து எழுந்தது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் இடம்பெற்ற அமர்வு 2015 நவம்பரில் அந்தப் பிந்துதலைத் தடையாகக் கொள்ளாமல் அவர் பணிக்குத் தகுதியானவர் என்று கூறியதோடு, அடுத்த தேர்வு முதல் மூன்றாம் பாலினத்தவர்க்கு இடம் வகுக்கவும் பணித்தது. 2017-இல் அவர் தருமபுரி மாவட்டத்தில் சார்பு ஆய்வாளராகப் பொறுப்பேற்றார்.

இதன் பின்னர் உலகத் தடகள அமைப்பு எதிர்த்திசையில் நகர்ந்தது. ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்த திருநங்கையர் பெண்கள் பிரிவில் ஓடக் கூடாதென்று 2023 மார்ச்சிலும், பெண்கள் பிரிவில் ஓடுவோர் ஆண் பால் வளர்ச்சியைத் தூண்டும் எஸ்ஆர்ஒய் என்னும் மரபணுவுக்கான சோதனையை வாழ்நாளில் ஒருமுறை செய்துகொள்ள வேண்டும் என்று 2025 செப்டம்பரிலும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. சாலை ஓட்டங்களின் நிலை வேறு. நியூயார்க் மாரத்தான் 2021-இல் ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காதோருக்குத் தனிப் பிரிவு திறந்தது. 2013-இல் தொடங்கிய கோவை மாரத்தான் போன்ற ஓட்டங்களில் பெரும்பாலோர் தரவரிசைக்காக ஓடுவதில்லை என்பதால், உலக அமைப்பின் மரபணு விதி அவர்களை எட்டுவதில்லை. காவலர் தேர்விலும் அவ்விதிக்கு இடமில்லை. 2008-இல் தமிழ்நாடு அரசு அமைத்த திருநங்கையர் நலவாரியம் வழங்கும் அடையாள அட்டையைக் கொண்டே அங்கு அவர்களின் விண்ணப்பம் ஏற்கப்படுகிறது.