யாஹூ மெசஞ்சர் காலத்து வண்ணார்பேட்டை

கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு 1843ஆம் ஆண்டில் முடித்துத் தந்த தாமிரபரணிப் பாலத்தைக் கடந்து, திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகிறவர்கள் வழியில் காண்பது வண்ணார்பேட்டை. பாலத்தைப் பற்றியும் அந்தத் தர்மவானைப் பற்றியும் எழுதியவர்கள் பலர். ஆனால் இந்த நூற்றாண்டின் முதல் பத்து ஆண்டுகளில் இவ்வட்டாரத்தின் மாடிப்படி ஓரங்களிலும் ஒற்றை அறைகளிலும் நடந்து, இருந்த சுவடே தெரியாமல் மறைந்துபோன பிரவுசிங் சென்டர் என்னும் தொழிலைச் சரித்திரத்தில் சேர்க்கத் தக்கதாக நினைத்தவர்கள் சொற்பம்.

1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இண்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது அது பெருநகரங்களின் வைபவமாகவே இருந்தது. நெல்லையைப் போன்ற ஊர்களுக்கு அது மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் கடைகளின் வாயிலாகத்தான் வந்து சேர்ந்தது. பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் மாணவர்கள் தேர்வு முடிவு பார்க்க வந்தார்கள்; வளைகுடா நாடுகளில் பிழைப்புக்குச் சென்றவர்களின் குடும்பத்தார், வெளிநாட்டு டெலிபோன் கட்டணத்துக்கு அஞ்சி, தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெப் கேமராவின் மங்கிய சதுரத்துக்குள் மகனையோ கணவனையோ கண்டு பேச வந்தார்கள். இவர்களில் பலருக்கு இண்டர்நெட் என்பதும் யாஹூ மெசஞ்சர் என்பதும் வேறு வேறாகத் தோன்றவில்லை. 1998இல் தோன்றி 2018 ஜூலையில் மூடப்பட்ட அச்செயலியின் யௌவன காலம் இக்கடைகளின் யௌவன காலத்தோடு ஒன்றாகவே கழிந்தது.

அந்தச் சம்பாஷணைகளுக்கு இருந்த பாதுகாப்பு அற்பமே. எழுதிய வார்த்தை எந்த மறைகுறியாக்கமும் இன்றி அப்படியே கம்பியில் ஓடிற்று. அதே கடையில் இன்னொரு கணினியின் முன் அமர்ந்திருக்கும் சாமர்த்தியசாலி அதைப் படித்துவிட இயலும். இவை எல்லாவற்றையும்விடக் கவனத்துக்குரியது 2007ஆம் ஆண்டின் விருத்தாந்தம். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் யாஹூ மெசஞ்சரின் வெப் கேமராப் பகுதியில் இரண்டு ஓட்டைகள் இருப்பதை ஈஐ என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனத்தார் கண்டுபிடித்தனர். உழக்கில் ஒரு படி எண்ணெயை ஊற்றினால் மிகுதி வழிந்து பக்கத்துப் பாத்திரத்தில் கலப்பது போல, நினைவகத்தில் இத்தனை எழுத்துக்கு என்று ஒதுக்கிய இடத்தில் அதைக் கடந்து நீளும் ஒரு சரத்தைப் புகுத்தினால், மிகுதி அடுத்த இடத்தில் வழிந்து, அங்கிருந்த கட்டளைகளை அகற்றிவிட்டு அந்நியனுடைய கட்டளைகளை அமர்த்திவிடும். கேமராவைத் தொடவே வேண்டியதில்லை. மெசஞ்சர் நிறுவப்பட்ட கணினியிலிருந்து வஞ்சகமாக அமைத்த ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும். ஓட்டை வெளியான சில தினங்களுக்குள்ளேயே யாஹூ புதிய பதிப்பை வெளியிட்டது. ஆகஸ்டில், கேமரா அழைப்பை ஏற்றுக்கொள்பவரைத் தாக்கும் வேறொரு ஓட்டை வெளிப்பட்டு, அதற்கும் இன்னொரு பதிப்பு வந்தது.

இவ்வளவு துரிதமாக நிவாரணம் வந்தும் அது கடைக் கணினிகளில் தங்குவது அரிதாயிருந்ததன் காரணம் விசித்திரமானது. வாடிக்கையாளர் கண்டதையும் இறக்கிக் கணினியைப் பாழாக்காதிருக்கும் பொருட்டு, கடைக்காரர் பலர் டீப் ஃப்ரீஸ் என்னும் மென்பொருளைப் போட்டிருந்தனர். கணினியை அணைத்து மறுபடி இயக்கும்போதெல்லாம் அது எல்லாவற்றையும் முன்பிருந்த நிலைக்கே கொண்டுவந்துவிடும். வைரசும் ஒழிந்தது, வாடிக்கையாளர் மறதியாக விட்டுச்சென்ற கோப்புகளும் ஒழிந்தன. புதுப்பித்த மெசஞ்சரும் அவற்றோடு சேர்ந்தே ஒழிந்து, ஓட்டையுள்ள பழைய பதிப்பு மறுநாள் காலையில் வழக்கம்போல் சிரித்துக்கொண்டு எழுந்து நின்றது. உரிமையாளர் அந்தப் பூட்டைத் திறந்து, ஒவ்வொரு கணினியாகப் புதுப்பித்து, மறுபடி பூட்ட வேண்டும். மணிக்கணக்கில் வாடகை வாங்குகிறவருக்கு அது வருமானம் இழக்கும் காரியம். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவர் காத்தது தம் கடையை. மெசஞ்சரைக் காப்பது யாஹூவின் பொறுப்பு என்று அவர் நினைத்ததில் நியாயமும் இருந்தது.

செயலியின் ஓட்டையை அடைப்பதில் இரண்டு பாகங்கள் உண்டு என்பதும், முதற்பாகம் நிறுவனத்தின் சர்வரில் ஒரே நாளில் முடியலாம், இரண்டாம் பாகமோ கோடிக்கணக்கான கைகளில் கிடக்கும் கருவிகளில் வருஷக்கணக்கில் நீளும் என்பதும் இத்தொழிலின் வரலாறு காட்டும் செய்தி. 2002 ஜனவரியில் அமெரிக்காவின் ஏஓஎல் மெசஞ்சரில் அதே வகை ஓட்டையொன்றை வூவூ என்ற ஹேக்கர் குழு வெளியிட்டபோது, ஏஓஎல் நிறுவனம் பயனர்களைப் புதுப்பிக்கச் சொல்லிக் காத்திராமல், தீய செய்தியைத் தன் சர்வரிலேயே தடுத்து நிறுத்திவிட்டது. அக்குழுவின் பழைய அங்கத்தினர்களில் ஒருவர் ஜான் கூம். யாஹூவில் பல ஆண்டுகள் உத்தியோகம் பார்த்து, மேற்கூறிய 2007ஆம் ஆண்டிலேயே அதை விட்டு விலகி, 2009இல் பிரையன் ஆக்டனோடு சேர்ந்து வாட்ஸ்அப்பைத் தொடங்கியவர். கடைக்காரர்களின் பிழைப்பை முடித்து வைத்தவற்றில் அவருடைய செயலியும் ஒன்று என்று சொன்னால் மிகையாகாது.

இதற்கிடையில் 2011 ஏப்ரலில் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கு விதிகள் இயற்றிற்று. தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் உயரலாகாது. வருகிறவரின் அடையாளச் சீட்டைச் சரிபார்க்க வேண்டும். பதிவேட்டை ஓராண்டு காலம் வைத்திருக்க வேண்டும். எவர் எந்த நேரத்தில் அமர்ந்தார் என்று கேட்ட அந்த ஏடு, அவர் அமர்ந்த கணினியில் எந்தப் பதிப்பு இருந்தது என்று கேட்கவில்லை.

கைபேசி வந்தபின் புதுப்பிக்கும் பாரம் கடைக்காரரிடமிருந்து ஒவ்வொருவர் சட்டைப்பைக்கும் மாறிற்று. 2019 மே மாதத்தில் வாட்ஸ்அப்பின் குரல் அழைப்புப் பகுதியில் அதே நினைவக வழிவு கண்டுபிடிக்கப்பட்டது. இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தாரின் பெகாசஸ் உளவுச் சாதனம் அதன் வழியாக, அழைப்பை எடுக்காத கைபேசிக்குள்ளும் நுழைய முடிந்தது. நிறுவனம் முதலில் தன் சர்வர்களில் வழியை அடைத்தது. மே 13 அன்று புதிய பதிப்பை வெளியிட்டு, எல்லோரும் புதுப்பித்துக்கொள்ளும்படி வேண்டிக்கொண்டது. குறிவைக்கப்பட்ட கருவிகள் ஏறத்தாழ 1,400. அவற்றில் இந்தியர்களுடையவை 121 என்று மத்திய அரசின் கணினி அவசர உதவிக் குழுவுக்கு வாட்ஸ்அப் தெரிவித்தது. பத்திரிகையாளர்களும் மனித உரிமைப் பணியாளர்களும் அவர்களுள் இருந்தார்கள் என்ற செய்தி அக்டோபர் இறுதியில் வெளியாகி நாட்டைக் கலக்கிற்று.

2025 செப்டம்பரில், நெல்லை மாவட்டத்திலிருந்து பிரிந்த தென்காசியின் மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்திவரும் ஜோஹோ நிறுவனத்தின் அரட்டை செயலிக்கு ஜனங்கள் திரளாக வந்து சேர்ந்தபோது, அழைப்புகளுக்கு இருந்த முழு மறைகுறியாக்கம் எழுத்துச் செய்திகளுக்கு இயல்பாக இல்லை என்று விமர்சனம் எழுந்தது. நியாயமான விமர்சனமே, ஓட்டை என்று சொல்வதற்கில்லையாயினும் குறைதான். நவம்பரில் நிறுவனம் அதைச் சேர்த்தது. ஆனால் சேர்த்ததோடு அது எல்லோருக்கும் வந்துவிடவில்லை. பயன்படுத்துவோர் முதலில் செய்யவேண்டியதாகச் சொல்லப்பட்டது, செயலியைப் புதுப்பிப்பதே.