இடைசெவல்

இடைசெவல், தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி நெடுஞ்சாலையை ஒட்டிய சிற்றூர். கரிசல் இலக்கியத்தின் தாயூர் இதுவே. கட்டபொம்மன் 1799இல் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு இதற்குத் தெற்கே உள்ளது.

கரிசல் மண் மழை கண்டால் உப்பிக் காலைக் கவ்வும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரத்தை நெடுநாள் அடக்கி வைத்திருப்பது இதன் குணம். அதனால்தான் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த பருத்தி, மழை ஓய்ந்த பிறகும் அடிமண் ஈரத்தில் தேறிக் காய் வெடிக்கிறது. கம்பு, சோளம், உளுந்து, மல்லி ஆகியவை மற்ற மானாவாரி வெள்ளாமைகள். மழைக்கு முந்தியே காய்ந்த நிலத்தில் விதை போடும் புழுதி விதைப்பும் உண்டு. கிணறு வாய்த்தவர்கள் கமலை கட்டி இறைத்தார்கள். எடுப்பு முடிந்து எஞ்சும் பருத்திமார் அடுப்புக்குப் போனது. கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த மானாவாரிச் சாகுபடியை ஆராயவே வந்தது.

விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெற்கே இறங்கிய தெலுங்குக் குடிகள் இக்கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறினார்கள். அந்தக் குடிபெயர்வைத்தான் கி. ராஜநாராயணன் (கி.ரா.) ‘கோபல்ல கிராமம்’ நாவலாக்கினார்.

கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் இவ்வூரில் பிறந்த இளமை நண்பர்கள். வீட்டில் பேசியது தெலுங்கு, எழுதியது தமிழ். சங்கீதப் பித்து இருவருக்கும் பொது. அழகிரிசாமி சென்னைக்கும், பிறகு மலேயாவில் ‘தமிழ் நேசன்’ நாளிதழுக்கும் போனார், கி.ரா. சம்சாரியாக, அதாவது விவசாயியாக, ஊரிலேயே இருந்தார். பக்கத்து ரயில் நிலையத்தை ‘குமாரபுரம் ஸ்டேஷன்’ கதையில் நிலைக்க வைத்தவர் அழகிரிசாமி. 1970இல் அவர் மறைந்த பிறகு, ‘அன்பளிப்பு’ தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது. ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991இல் அதே விருதைக் கி.ரா.வுக்குப் பெற்றுத் தந்தது. பேச்சுமொழியை அப்படியே ஏட்டில் ஏற்றி, வட்டார வழக்குச் சொல்லகராதியும் தொகுத்த அவரைக் கரிசல் எழுத்தாளர்கள் ‘முன்னத்தி ஏர்’ என்பார்கள். பிற்காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்து 2021 மே 17 அன்று மறைந்தார். இறுதிச் சடங்கு இடைசெவலில் அரசு மரியாதையுடன் நடந்தது.

கோவில்பட்டியில் அவருக்கு அரசு நினைவரங்கம் எழுப்பியுள்ளது. ஊரில் இன்றும் விவசாயமே முதன்மைத் தொழில்.