அடுத்த வீட்டு நெருப்பு

தீப்பெட்டி எல்லா வீடுகளுக்கும் வந்து சேராத காலம் ஒன்று இருந்தது. அந்நாளில் நம் சிற்றூர்களில், விடியற்காலையில் தன் அடுப்பு அணைந்து கிடக்கக் கண்ட பெண் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்பாள். அந்த வீட்டுக்காரி அடுப்புச் சாம்பலைக் கிளறி, இரண்டு கங்குகளை எடுத்து அதில் இடுவாள். அதற்கு விலை இல்லை. திருப்பித் தரவேண்டும் என்ற பேச்சும் இல்லை. கொடுத்தவளின் அடுப்பு அதனால் ஒரு பொறியும் குறைந்துவிடவில்லை. கொடுத்தால் குறையாத பொருள் இவ்வுலகில் வேறு எத்தனை உண்டு என்று எண்ணிப் பார்ப்போமானால், நெருப்பைப் பற்றி மனித குலம் ஏன் இத்தனை கதைகளைச் சொல்லி வைத்தது என்பது ஓரளவு விளங்கும்.

மனிதன் நெருப்பை எப்போது கையாளத் தொடங்கினான்? தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் ஏறத்தாழ 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தீ எரிந்ததற்கான சாம்பலும் கருகிய எலும்புகளும் கிடைத்திருப்பதாக ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டில் அறிவித்தனர். அவ்வளவு தொலைவுக்கு மனிதனின் நினைவு செல்லாது, கதைதான் செல்லும். உலகின் பல திசைகளிலும் வழங்கும் அத்தகைய கதைகளைத் திரட்டி, ஜேம்ஸ் ஃபிரேசர் என்னும் அறிஞர் 1930இல் தனி நூலாகவே வெளியிட்டார். அக்கதைகளில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. நெருப்பு முதலில் மனிதனிடம் இல்லை. அது வேறு யாரிடமோ இருந்தது. அவர்கள் அதைக் கொடுக்க மனமில்லாதிருந்தார்கள் என்பதே அது.

திருடப்பட்ட தீ

கிரேக்கக் கவிஞர் ஹெசியட் கி.மு. 700ஆம் ஆண்டளவில் பாடிய கதை நம்மில் பலருக்குத் தெரிந்ததே. பலிப் பங்கீட்டில் ஏமாற்றப்பட்ட சீயஸ், மனிதரிடமிருந்து நெருப்பை மறைத்து வைக்கிறான். பிரோமித்தியஸ் அதைத் திருடி மனிதருக்குக் கொண்டுவருகிறான். தண்டனையாகச் சங்கிலியில் பிணைக்கப்படுகிறான். ஒரு கழுகு அவனது ஈரலை நாள்தோறும் தின்கிறது. இரவில் ஈரல் மீண்டும் வளர்கிறது. ஆனால் கதையில் நாம் கவனிக்காமல் கடந்துவிடும் ஒரு சிறு செய்தி உண்டு. அவன் நெருப்பைக் கொண்டுவந்தது தங்கக் கிண்ணத்தில் அன்று. பெருஞ்சீரக இனத்தைச் சேர்ந்த ஓர் உயரமான செடியின் தண்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தான். அந்தத் தண்டின் உட்சோறு மெல்லக் கனன்றுகொண்டே இருக்கும், மேற்பட்டை எரியாது. மத்தியதரைக் கடற்பகுதி மக்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நெருப்பைக் கொண்டுசெல்ல உண்மையிலேயே அதைப் பயன்படுத்தினர். அவர்களுக்குத் தண்டு, நமக்குக் கொட்டாங்கச்சி. புராணத்தின் திருடன் கையில் இருந்தது அண்டை வீட்டாரின் அன்றாடப் பாத்திரமே.

வட அமெரிக்காவின் செரோக்கி மக்கள் சொல்லும் கதையை ஜேம்ஸ் மூனி 1900இல் பதிப்பித்தார். ஆதியில் உலகம் குளிர்ந்து கிடந்தது. தீவு ஒன்றில் இருந்த பொந்துள்ள மரத்தின் அடியில் இடிகள் நெருப்பை வைத்தன. அதை எடுத்துவர அண்டங்காக்கை போயிற்று. வெப்பத்தில் கருகிக் கறுத்துத் திரும்பியது. ஆந்தைகள் போயின, வெப்பக் காற்றால் கண்கள் சிவந்தும், கண்ணைச் சுற்றி வெண்ணிற வளையம் பதிந்தும் திரும்பின. பாம்புகள் போயின, அவையும் கருகின. வலிமையும் வேகமும் உடையவை எல்லாம் தோற்ற பின், நீர்ச் சிலந்தி முன்வந்தது. தன் நூலாலேயே ஒரு சிறு கிண்ணம் பின்னி, அதை முதுகில் கட்டிக்கொண்டு நீரின்மேல் நடந்து போய், ஒரே ஒரு கங்கை அதில் இட்டுக்கொண்டு வந்தது.

நியூசிலாந்தின் மவோரி மக்களின் கதையில் வரும் மாவுயி, நெருப்பு எங்கிருந்து வருகிறது என்று அறிய, ஊரில் உள்ள அடுப்புகளை எல்லாம் இரவில் அணைத்துவிடுகிறான். பின்பு தீயின் மூதாட்டியான மகுயிக்காவிடம் போய்க் கேட்கிறான். அவள் தன் விரல் நகங்களில் ஒன்றைப் பிடுங்கித் தருகிறாள். அதில் நெருப்பு இருக்கிறது. அவன் வெளியே போய் அதை அணைத்துவிட்டு மறுபடி வந்து கேட்கிறான். இப்படி ஒவ்வொன்றாக அவளுடைய நகங்கள் எல்லாம் தீரும்போதுதான் அவன் செய்த வஞ்சகம் அவளுக்குப் புரிகிறது. எஞ்சிய கடைசி நகத்தைச் சினத்தோடு தரையில் வீசுகிறாள். காடு பற்றி எரிகிறது. மழை பெய்கிறது. மிஞ்சிய பொறிகள் சில மரங்களுக்குள் புகுந்து ஒளிந்துகொள்கின்றன. அதனால்தான் அந்த மரக்கட்டைகளை உரசினால் நெருப்பு வருகிறது என்கிறார்கள். மரத்துக்குள் தீ உறங்குகிறது என்பதை நம் சங்கப் புலவரும் அறிந்திருந்தனர். ஔவையார் தம் புறநானூற்றுப் பாடல் ஒன்றில், அடங்கியிருக்கவும் வெளிப்பட்டு எரியவும் வல்ல அதியமானை, கூரையில் செருகி வைத்த தீக்கடைகோலுக்கு ஒப்பிட்டார்.

இம்மூன்று கதைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நமக்குத் தோன்றுவது இதுதான். நெருப்பு இலவசமாக வந்துவிடவில்லை. யாரோ ஒருவர் தம் உடலில் வலி ஏற்றிருக்கிறார். ஈரலை இழந்தவன் ஒருவன். நகங்களை எல்லாம் இழந்தவள் ஒருத்தி. இறகு கருகியது ஒரு பறவை. இந்த நன்றியுணர்வையே பழங்குடி மக்கள் கதையாக்கித் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர்.

காக்கப்பட்ட தீ

வருந்திப் பெற்றதைக் காக்க வேண்டும் அல்லவா? உரோமையில் வெஸ்தா தேவதையின் கோயிலில் ஆறு கன்னியர் அணையாத் தீயைக் காத்தனர். அவர்களது பணிக்காலம் 30 ஆண்டுகள். தீ அணைந்துபோனால் பொறுப்பாக இருந்தவளுக்குக் கசையடி கிடைக்கும். ஆண்டுதோறும் மார்ச் முதல் நாளில் அத்தீ புதுப்பிக்கப்பட்டது. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், பேரரசர் தெயோதோசியுஸ் காலத்தில், அது அணைந்தது.

நம் நாட்டிலேயே இன்றும் எரியும் தீ ஒன்று உண்டு. பாரசீகத்திலிருந்து குஜராத் கரையை அடைந்த பார்சி மக்கள், சஞ்சான் என்னும் ஊரில் நிறுவிய தீ, பல இடங்களுக்கு மாற்றப்பட்டு, 1742இல் உத்வாடா வந்து சேர்ந்தது. அத்தகைய உயர்ந்த வழிபாட்டுத் தீயை உருவாக்க 16 வகை நெருப்புகளைச் சேர்க்க வேண்டும் என்பது அவர்களது மரபு. மின்னலில் பிறந்த தீ அவற்றுள் ஒன்று. குயவரின் சூளை, கொல்லரின் உலை, பொற்கொல்லரின் கரி, ரொட்டி சுடுபவரின் அடுப்பு ஆகியவற்றின் தீயும் அவற்றுள் அடங்கும். பிணம் எரித்த தீயும் தூய்மை செய்யப்பட்டு அதில் சேர்கிறது. உழைப்பவர் எவருடைய அடுப்பும் இறைவன் திருமுன் தாழ்ந்ததன்று என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியுமா என்று நாம் வியக்கிறோம்.

மறுக்கப்பட்ட தீ

நெருப்பு எவ்வளவு பொதுவானது என்பதை, அதை மறுப்பது எவ்வளவு பெரிய தண்டனையாக இருந்தது என்பதிலிருந்து அறியலாம். உரோமையர் புதுமணப் பெண்ணைக் கணவன் வீட்டில் நெருப்பும் நீரும் தந்து வரவேற்றனர். ஒருவனை நாடு கடத்தும்போதோ, 'இவனுக்கு நீரும் நெருப்பும் கொடுக்கலாகாது' என்று சட்டம் செய்தனர். வாளால் வெட்ட வேண்டியதில்லை. அடுத்த வீட்டுக்காரர் கங்கு கொடுக்க மறுத்தால் போதும், அவன் ஊரில் வாழ முடியாது.

கி.மு. 58இல் இத்தண்டனைக்கு ஆளானவர்களுள் ஒருவர் பெரும் நாவலர் சிசெரோ. மறு ஆண்டு அவர் திரும்ப அழைக்கப்பட்டார். பின்னர் கி.மு. 44இல் தம் மகனுக்குக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். முன்பின் அறியாதவனுக்கும் மறுக்கக்கூடாதவை எவை என்று அதில் கூறும்போது, ஓடுகின்ற நீரையும், நம் நெருப்பிலிருந்து பிறர் நெருப்பு எடுத்துக்கொள்வதையும் குறிப்பிடுகிறார். நெருப்பு மறுக்கப்பட்ட மனிதரின் கையிலிருந்தே அந்த அறிவுரை பிறந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பகிரப்பட்ட தீ

அயர்லாந்து மக்களிடையேயும் நெருப்பைப் பற்றிய நம்பிக்கைகள் மிகுதி. மே முதல் நாளில் வீட்டிலிருந்து நெருப்பை வெளியே கொடுத்தால் வீட்டின் நற்பேறும் உடன் போய்விடும் என்று அஞ்சினர். அந்நாட்டில்தான் நற்செய்தியும் தீயின் மொழியிலேயே நினைவுகூரப்பட்டது. அரசனின் தீ ஏற்றப்படும் முன் எவரும் தீ மூட்டலாகாது என்றிருந்த இரவில், புனித பேட்ரிக் ஸ்லேன் குன்றின்மேல் பாஸ்காத் தீயை மூட்டினார் என்றும், அதை இன்றிரவே அணைக்காவிட்டால் என்றுமே அணைக்க இயலாது என்று அரசனின் மந்திரவாதிகள் எச்சரித்தனர் என்றும் 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூர்க்கு என்பவர் எழுதினார். பேட்ரிக் தாமே எழுதிய ஏடுகளில் இந்நிகழ்ச்சி இல்லை. எனவே இதை வரலாறு என்பதைவிட, ஒரு மக்களினம் தன் விசுவாசத்தின் பிறப்பை நினைத்துப் பார்த்த விதம் என்று கொள்வதே முறை.

கில்டேரில் புனித பிரிஜித்தின் மடத்தில் எரிந்த தீயைப் பற்றி 12ஆம் நூற்றாண்டில் ஜெரால்டு என்னும் வேல்ஸ் நாட்டுக் குரு எழுதியிருக்கிறார். 19 அருள்சகோதரியர் இரவுக்கு ஒருவராக அதைக் காத்தனர். 20ஆம் இரவில் விறகை அடுக்கிவிட்டு, இது உமது முறை என்று புனிதையிடமே ஒப்படைத்துச் சென்றனர். பொழுது விடியும்போது விறகு எரிந்திருக்கும், தீ எரிந்துகொண்டிருக்கும். 16ஆம் நூற்றாண்டின் சமயக் குழப்பங்களில் அத்தீ அணைந்தது. 1993இல் அருள்சகோதரியர் அதை மீண்டும் ஏற்றினர். இம்முறை ஆடவர் தாண்டக்கூடாத வேலிக்குள் அன்று. ஊரின் சந்தைச் சதுக்கத்தில், எல்லாரும் காண ஏற்றினர்.

நம் பாஸ்கா திருவிழிப்பும் இதே பாடத்தைத்தான் கற்பிக்கிறது. முன்பு பெரிய சனிக்கிழமை காலையிலேயே முடிந்துவிட்ட அவ்வழிபாட்டை, 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மீண்டும் இரவுக்கு மாற்ற வழிசெய்தார். இருளில் ஒரே ஒரு பாஸ்காத் திரி. அதிலிருந்து ஒருவர்; அவரிடமிருந்து அடுத்தவர்; சற்று நேரத்தில் கோயில் முழுவதும் ஒளி. பக்கத்தில் நிற்பவரின் பெயர்கூட நமக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆயினும் நம் திரியைச் சாய்த்து அவருக்கு ஒளி தருகிறோம்.

நம் கையில் இருந்த தீ

எனினும் தீயின் வரலாற்றைச் சொல்பவர் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. நெருப்பு நம் கையிலும் கொடுமையாக இருந்ததுண்டு. பாதுகாப்பு உறுதி பெற்றுக் கான்ஸ்டன்ஸ் சங்கத்துக்கு வந்த யான் ஹுஸ் 1415இல் எரிக்கப்பட்டார். 19 வயதளவே நிரம்பிய ஜோன் என்னும் பெண் 1431இல் ரூவான் நகரில் எரிக்கப்பட்டார். இருவருக்கும் தீர்ப்பிட்டவர்கள் திருச்சபையின் பெயரால் அமர்ந்தவர்கள். ஜோனின் தீர்ப்பு 1456இல் தவறெனத் தள்ளப்பட்டது. 1920இல் அவர் புனிதர் எனப் போற்றப்பட்டார். ஹுஸின் கொடிய மரணத்திற்காகத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1999இல் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மதுரையை எரித்த கண்ணகியும் குழந்தைகளையும் முதியோரையும் தீண்டாதே என்று தீக்கு வரம்பு கட்டியதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. கோபத்தில் எழுந்த தீக்கு இருந்த வரம்புகூட, நீதி என்ற பெயரால் மூட்டிய தீக்கு இல்லாமற் போயிற்று. தம்மை ஏற்காத ஊரின்மேல் வானத்துத் தீயை அழைக்கட்டுமா என்று கேட்ட சீடர் இருவரை ஆண்டவர் கடிந்துகொண்டதை அன்று படித்தவர்கள், படித்தும் மறந்தார்கள்.

நற்செய்தியாளர் யோவான் இரண்டு கரிநெருப்புகளைக் காட்டுகிறார். மூல மொழியில் அச்சொல் புதிய ஏற்பாட்டில் அவ்விரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. முதலாவது, தலைமைக் குருவின் முற்றத்தில் குளிருக்காகப் பணியாளர் மூட்டியது. அங்கு வந்து நின்ற பேதுருவுக்கு யாரும் நெருப்பை மறுக்கவில்லை. பேதுருதான் ஆண்டவரை மறுத்தார். இரண்டாவது, ஏரிக்கரையில் விடியற்காலையில் உயிர்த்த ஆண்டவர் மூட்டியது. அதன்மேல் மீன் இருந்தது. அருகில் அப்பமும் இருந்தது. மறுத்தவருக்கு அங்கே நெருப்பு மறுக்கப்படவில்லை. உண்ண வாருங்கள் என்ற அழைப்பே கிடைத்தது.

இன்று கங்கு கேட்டு எவரும் நம் வாசலுக்கு வருவதில்லை. ஆனால் மன்னிப்பும், ஒரு நல்ல சொல்லும், ஒரு வேளை உணவும் கேட்டு நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவையும் கொடுத்தால் குறையாதவையே. அந்த விடியற்காலையில் கொட்டாங்கச்சியோடு நின்ற பெண்ணை வெறுங்கையாய் அனுப்பாத நம் முன்னோரின் வாசல், நம் வாசலாகவும் இருக்கட்டும்.