எல்லையில் நிற்காத கார்: ஐரோப்பியச் சாலைப் பயணத்தின் காகித வரலாறு

ஐரோப்பாவில் காரை வாடகைக்கு எடுத்து ஐந்தாறு நாடுகளைச் சுற்றி வரத் திட்டமிடுவது எப்படி என்பதுதான் இந்த வாரக் கலந்துரையாடலின் தலைப்பு. பெட்ரோல் செலவு, டோல், தங்குமிடம், சைவ உணவு எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் எனக்கு முன்னே பேசியவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது வரலாறு. “கார் பயணத்திற்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்?” என்று அரங்கில் இருந்த ஓர் அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டார். சம்பந்தம் இருக்கிறது. வரைபடத்தில் நாம் போடும் கோட்டில் எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்காமல் போகலாம் என்பதைச் சாலை போட்டவர்கள் முடிவு செய்யவில்லை. சுங்க அதிகாரிகளும், கோபம் கொண்ட லாரி ஓட்டுநர்களும், முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஓர் அமைதி ஒப்பந்தமும் முடிவு செய்தன.

கார் அறிமுகமான காலத்தில் ஐரோப்பியச் சுங்க அதிகாரிகள் அதைப் பயணியின் வாகனமாகப் பார்க்கவில்லை. வரி கட்டாமல் நாட்டுக்குள் நுழையும் சரக்காகவே பார்த்தார்கள். எல்லையில் வரித் தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். அதே காரோடு வெளியேறினால்தான் பணம் திரும்பும். இந்தத் தொல்லைக்கு மோட்டார் சங்கங்கள் ஒரு வழி கண்டன. உறுப்பினருக்காகச் சங்கமே பிணை நிற்கும். அதற்கான மூன்று பகுதிச் சீட்டுக்கு டிரிப்டிக் என்று பெயர். ஒரு பகுதி நுழையும் இடத்துக்கு, இன்னொன்று வெளியேறும் இடத்துக்கு, மற்றது பயணியின் கையில்.

1909 அக்டோபர் 11ஆம் நாள் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம் அடுத்த படி. வாகனத்துக்கும் ஓட்டுநருக்கும் அனைத்துலகச் சான்றிதழ், காரின் பின்புறம் நாட்டைக் குறிக்கும் எழுத்து, அபாயத்தைக் காட்டும் நான்கு பொதுவான சாலைக் குறியீடுகள் ஆகியவை அதில் பிறந்தன. இன்று நாம் புறப்படும் முன் எடுத்துக்கொள்ளும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதிச் சீட்டு அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

சாலையின் எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதில் கூட அன்று ஒற்றுமை இல்லை. நாம் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள். அங்கே போனால் வலப்பக்கம் என்று மனத்தில் பதிய வைத்துக்கொண்டால் போதும். 1920களில் பயணம் செய்தவருக்கு அந்த வசதியும் கிடையாது. ஆஸ்திரியாவின் மேற்கு மூலையில் உள்ள ஃபோராரல்பெர்க் மாநிலம் 1921இல் வலப்பக்கத்துக்கு மாறியது. தலைநகர் வியன்னாவோ 1938 வரை இடப்பக்கத்திலேயே இருந்தது. ஒரே நாட்டுக்குள் பக்கம் மாற வேண்டிய நிலைமையை எண்ணிப் பாருங்கள்! சுவீடன் இன்னும் பிடிவாதக்காரர். 1955இல் நடந்த வாக்கெடுப்பில் ஏறக்குறைய 83 விழுக்காட்டினர் வலப்பக்கம் வேண்டாம் என்றார்கள். அப்படியும் அரசாங்கம் மாற்றியது. 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 4.50 மணிக்கு வாகனங்கள் எல்லாம் நின்றன. மெதுவாக மறுபக்கம் நகர்ந்து காத்திருந்தன. சரியாக 5 மணிக்கு நாடே வலப்பக்கம் ஓடத் தொடங்கியது.

பக்கப் பிரச்சினை தீர்ந்தது. வரிசைப் பிரச்சினை தீரவில்லை. 1984 பிப்ரவரியில் இத்தாலியச் சுங்க அதிகாரிகள் வேண்டுமென்றே வேலையை மெதுவாக்க, ஆல்ப்ஸ் மலையில் பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் பிளாங் சுரங்கப் பாதை அருகே லாரிகள் தேங்கி நின்றன. பனிக்காலம் வேறு. பொறுமை இழந்த ஓட்டுநர்கள் லாரிகளைக் குறுக்கே நிறுத்திச் சாலையை மறித்தார்கள். மறியல் பிரான்ஸின் மற்ற நெடுஞ்சாலைகளுக்கும் பரவியது. ஜோகூர் பாலத்தில் மணிக்கணக்கில் நின்று பழகிய நமக்கு அவர்களுடைய கோபத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கோபம் வீண்போகவில்லை என்பதுதான் என் கருத்து. அதே ஆண்டு ஜூலை 13இல் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் சார்புருக்கன் நகரில் எல்லைச் சோதனையைத் தளர்த்த உடன்பட்டன. 1985 ஜூன் 14இல் பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய மூன்றும் சேர்ந்துகொள்ள, மொசல் ஆற்றில் நின்ற ‘பிரின்சஸ் மேரி ஆஸ்ட்ரிட்’ என்ற கப்பலில் ஐந்து நாடுகளும் கையெழுத்திட்டன. கரையில் இருந்தது ஷெங்கன் என்னும் சின்னஞ்சிறு திராட்சைத் தோட்டக் கிராமம். இன்று கோடிக்கணக்கானோர் உச்சரிக்கும் பெயர் அது. நாட்டுத் தலைவர்கள் யாரும் வந்து கையெழுத்திடவில்லை. இது பெரிதாக வளரும் என்று அன்று பலர் நம்பவில்லை போலும்.

அந்த ஒப்பந்தத்தின் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. கார் கண்ணாடியில் குறைந்தது 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள பச்சை வட்டம் ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம். காரில் இருப்பவர்கள் எல்லை விதிகளுக்கு உட்பட்டவர்கள், வரி விலக்குக்கு மேல் எதுவும் கொண்டு வரவில்லை என்பதற்கு அது அடையாளம். அதிகாரி நிறுத்தாமல், மெதுவாகப் போகும் காரைக் கண்ணால் பார்த்து அனுப்புவார். முன்பணத்தில் தொடங்கிய கதை பச்சை வட்டத்துக்கு வந்து சேர்ந்தது. 1995 மார்ச் 26இல் ஏழு நாடுகளுக்கிடையே சோதனைகள் நீங்கின. இப்போது ஷெங்கன் வட்டாரத்தில் 29 நாடுகள்.

ஆனால், நீங்கியது திரும்பி வராது என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள். 2015இல் அகதிகள் பெருமளவில் வந்தபோது ஜெர்மனி ஆஸ்திரிய எல்லையில் சோதனையைத் தொடங்கியது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி லக்சம்பர்க் எல்லையிலும் நிறுத்தினார்கள். ஷெங்கனுக்கு ஆற்றின் மறுகரையே ஜெர்மனிதான். 2024 செப்டம்பர் 16 முதல் தனது எல்லா நில எல்லைகளிலும் ஜெர்மனி சோதனையை விரிவுபடுத்தியது. ஆகவே கடப்பிதழைப் பெட்டியின் அடியில் புதைத்து வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். நம்மைப் போன்றவர்கள் 180 நாளில் 90 நாள்தான் இந்த வட்டாரத்தில் இருக்கலாம். 2025 அக்டோபர் 12இல் தொடங்கிய புதிய முறையில் விரல் ரேகையோடு அந்த நாள்களைக் கணினியே எண்ணுகிறது. நடுவில் வெளியே போய் வந்தாலும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்காது.

அந்த முந்நூறு ஆண்டு ஒப்பந்தத்துக்கு வருகிறேன். குரோஷியாவின் கடற்கரை நெடுக ஸ்பிலிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போவது பலருடைய கனவுப் பயணம். வரைபடத்தை உற்றுப் பார்த்தால் நடுவில் சுமார் 9 கிலோமீட்டருக்குச் சாலை போஸ்னியாவுக்குள் போகும். அந்த இடம் நெயூம். டுப்ரோவ்னிக் அக்காலத்தில் ரகுசா என்ற வணிகக் குடியரசு. வெனிஸ் நாட்டவர் நிலவழியாக வந்து தாக்குவார்களோ என்ற பயத்தில், 1699ஆம் ஆண்டு கார்லோவிட்ஸ் ஒப்பந்தத்தின்போது இந்தத் துண்டு நிலத்தை ஒட்டோமான் துருக்கியரிடம் விட்டது. எதிரிக்கும் தனக்கும் நடுவே இன்னொருவரை உட்கார வைத்த தந்திரம்! யுகோஸ்லாவியா ஒரே நாடாக இருந்தவரை அதனால் யாருக்கும் தொல்லையில்லை. 1990களில் நாடு உடைந்ததும், சொந்த நாட்டின் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போகும் குரோஷியர் இரண்டு முறை எல்லை கடக்க வேண்டியதாயிற்று. கோடை விடுமுறையில் வரிசை நீளும். ஒரு சீன நிறுவனம் கட்டிய, 2.4 கிலோமீட்டர் நீளமுள்ள பெல்யேஷாட்ஸ் பாலம் 2022 ஜூலை 26இல் திறக்கப்பட்ட பிறகே நெயூமைத் தொடாமல் சாலை வழியாகவே போக வழி பிறந்தது. ஐந்து மாதம் கழித்து, 2023 ஜனவரி 1இல், குரோஷியா ஷெங்கனிலும் யூரோ நாணயத்திலும் சேர்ந்தது.

பழைய சாலை இன்னும் இருக்கிறது. நெயூம் வழியாகவே போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் வாடகை ஒப்பந்தத்தில் போஸ்னியாவின் பெயர் அனுமதிக்கப்பட்ட நாடுகளில் இருக்கிறதா, கார் காப்புறுதி அங்கே செல்லுமா என்று இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லை என்றால் பாலத்தில் ஏறிவிடுங்கள்.