லப்போர்த் திறந்த கதவும் நம் லிங்க்ட்இன் கணக்கும்

லிங்க்ட்இன் வந்தது 2003இல். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த நாட்டில் ஒரு தொழில் வலைப்பின்னல் இருக்கிறது. அதன் பெயர் சாதி. வேலை காலியானால் யாருக்கு முதலில் தெரியும், யார் சொன்னால் முதலாளி கேட்பார் என்பதை அது தீர்மானித்தது. இன்றும் தீர்மானிக்கிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, 1000 இந்திய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைக் கணக்கெடுத்தது. ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் முன்னேறிய சாதியினர். தலித்துகளும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 விழுக்காடுதான்.

இந்தப் பின்னலுக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் தமக்கென ஒன்றைக் கட்டிய வரலாறு நம் புதுச்சேரியிலேயே உண்டு.

1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியரைப் போல் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். நீதிபதி அனுமதிக்கவில்லை. வழக்கு பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை சென்றது, அவர் வென்றார். 1881 செப்டம்பர் 21இல் வந்த ஆணை, இந்துச் சட்டம், சாதி வழக்கம் ஆகியவற்றைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வர வழி செய்தது. துறப்பவர் புதிய குடும்பப் பெயர் எடுக்க வேண்டும். பொன்னுத்தம்பி 'பிள்ளை'யை விட்டு 'லப்போர்த்' ஆனார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள்.

லப்போர்த் வெள்ளாளர். ஆனால் அந்தக் கதவு வழியாக வந்த 'ரெனோன்சான்'களில் தலித்துகள் கணிசமானோர். அவர்கள் பெற்றது வெறும் காகிதமல்ல. அதைக் கொண்டு சைகோனுக்குக் கப்பலேறினார்கள். காவல், சிறை, சுங்கம், அலுவலகம் எனப் பிரெஞ்சு அரசுப் பணிகளில் சேர்ந்தார்கள். முன்னால் போனவர் உறவினரையும் ஊர்க்காரரையும் அழைத்துக்கொண்டார். சட்டம் கதவைத் திறந்தது; உள்ளே இழுத்துவிட்டது மனிதர்களின் கை.

சாதி சும்மா இருக்கவில்லை. சண்முக வேலாயுத முதலியார் தலைமையிலான சாதி இந்து அணி துறப்பை எதிர்த்தது. 1884இல் ரெனோன்சான்களுக்குக் கிடைத்த தனி வாக்காளர் பட்டியல் 1899இல் நீக்கப்பட்டது. பிறர் கொடுத்த மேடையைப் பிறரே கலைக்கலாம் என்பது நமக்கான பாடம்.

இன்றைய மேடையிலும் முதலில் கேட்பது பெயர்தான். 2007இல் வெளியான தோரட், அட்வெல் ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குதான். இஸ்லாமியப் பெயருக்கு அதனினும் குறைவு. சாதி அடையாளத்தைக் கணக்கில் சொல்வதா, வேண்டாமா என்பது அவரவர் முடிவு. மறைத்தவரை நாம் குறை சொல்லக் கூடாது. அறிவித்தவரைத் தனியே விடவும் கூடாது.

ஆகவே, தோழர்களே, நூறு பேரை இணைத்துவிட்டால் வலைப்பின்னல் ஆகிவிடாது. வேலையில் சேர்ந்தவர் தன் நிறுவனத்தில் காலியிடம் வந்தால் முதலில் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ரெஃபரல் கேட்டு முகம் தெரியாத முதல் தலைமுறைப் பட்டதாரி எழுதினால் பதில் போட வேண்டும். ரெஸ்யூமேயைத் திருத்தித் தர வேண்டும். நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்பதை அடுத்தவருக்கு எழுதி வைக்க வேண்டும். தொலைபேசி எண்களையும் வாங்கி வைத்துக்கொள்வோம். செயலி நாளை மூடப்பட்டாலும் நம் பின்னல் அறுந்துவிடக் கூடாது.

சாதிக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம் இருக்கிறது. நாம் இன்றைக்கே தொடங்க வேண்டும்.