சோவியத் உளவுத்துறை அடையாள அட்டைகளும் விருதுச் சிற்றேடுகளும்

சோவியத் ஒன்றியத்தின் உளவு மற்றும் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைப்பு 1917 டிசம்பர் 20 அன்று 'செக்கா' என்ற பெயரில் தொடங்கப்பட்டது. பின்னர் ஓஜிபியூ, என்கேவிடி எனப் பல பெயர் மாற்றங்களைக் கண்டு, 1954 முதல் 1991 வரை கேஜிபி என்று அறியப்பட்டது. இவ்வமைப்புகளில் பணியாற்றியோரின் அடையாள அட்டைகளும் விருதுச் சான்றுகளும் இன்று சேகரிப்பாளர்களால் விரும்பி வாங்கப்படுகின்றன. பதக்கத்தைவிட, அதனுடன் வழங்கப்பட்ட தாளையே அனுபவமுள்ள சேகரிப்பாளர் முதலில் கேட்பார்.

அதற்கான காரணத்தைச் செந்நட்சத்திர விருதைக் கொண்டு விளக்கலாம். 1930 ஏப்ரல் 6 அன்று ஏற்படுத்தப்பட்ட இவ்விருது சுமார் 38 லட்சம் முறை வழங்கப்பட்டுள்ளது. ஈரான் வழியாகச் சோவியத் படைகளுக்குப் பொருள்கள் அனுப்பும் பணியில் ஈடுபட்ட இந்தியப் படையினர் இருவர் 1944இல் இதைப் பெற்றனர். ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சுபேதார் நாராயண ராவ் நிக்கம். மற்றவர் இன்றைய உத்தரகண்டைச் சேர்ந்த ஹவில்தார் கஜேந்திர சிங் சந்த். அதே 1944 முதல் 1957 வரை, பதினைந்து ஆண்டுகள் பணி முடித்தவர்களுக்கும் இவ்விருது கொடுக்கப்பட்டது. ஒரு துப்பாக்கிச் சத்தமும் கேட்காமல், அலுவலகத்தில் விசாரணைக் கோப்பு எழுதிய பாதுகாப்பு அதிகாரியும் இதை அணிந்தார். நட்சத்திரம் ஒன்றுதான். யாருடையது என்பதை உலோகம் சொல்லாது.

பதக்கத்தின் பின்புறம் ஒரு வரிசை எண் இருக்கும். அந்த எண், பெற்றவரின் பெயர், விருதின் பெயர், முத்திரை, உச்ச சோவியத் தலைமைக்குழுச் செயலரின் கையொப்பம் ஆகியவை சிற்றேட்டில் இருக்கும். நம் பள்ளி மாற்றுச் சான்றிதழுக்கும் சேர்க்கைப் பதிவேட்டுக்கும் உள்ள தொடர்பைப் போன்றது இது. எண் பொருந்தாவிட்டால் தாள் பயனற்றது. போலிகளைக் கண்டறியவும் இதுவே வழி. 1938 முதல் 1953 வரை செயலராக இருந்தவர் அலெக்சாந்தர் கோர்கின். 1944ஆம் ஆண்டுச் சிற்றேட்டில் வேறொருவர் செயலராகக் கையொப்பமிட்டிருந்தால் ஐயப்பட வேண்டும்.

அடையாள அட்டைகள் விருதுச் சிற்றேடுகளைவிட அரியவை. பணி முடிந்ததும் அவற்றைத் திருப்பித் தந்துவிட வேண்டும், கைதானவர்களிடமிருந்து பறிக்கப்பட்டன. ஸ்டாலின் காலத்தில் பாதுகாப்பு அதிகாரிகளே பெருமளவில் கைதானார்கள். என்கேவிடியின் தலைவர் யாகோதா 1938இலும், அவருக்குப் பின்வந்த யெழோவ் 1940இலும் சுட்டுக்கொல்லப்பட்டனர். தப்பிய அட்டைகளில் புகைப்படத்தின் மீதுள்ள முத்திரை, தாளில் குத்திய கம்பியின் துரு முதலியவற்றைச் சேகரிப்பாளர்கள் உற்றுநோக்குவர். ஜெர்மானியர் தயாரித்த போலிச் சோவியத் ஆவணங்களில் துருப்பிடிக்காத கம்பி இருந்ததால் ஒற்றர்கள் பிடிபட்டனர் என்ற கதை அவர்களிடையே பிரபலம்.

அண்மைக்காலத்தில் அதிகம் பேசப்பட்ட அட்டை, 2018 டிசம்பரில் டிரெஸ்டன் ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிவந்தது. கேஜிபி அதிகாரியாக அங்கிருந்த விளாதிமிர் புதினுக்குக் கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி அமைப்பு 1985 டிசம்பர் 31 அன்று வழங்கியது அது. 1989 இறுதி வரை நீட்டிப்பு முத்திரைகள் அதில் உள்ளன.

ரஷ்யாவில் சோவியத் விருதுகளை வாங்குவதும் விற்பதும் குற்றவியல் சட்டத்தின் 324ஆம் பிரிவின்படி குற்றம். 80,000 ரூபிள் வரை அபராதம் விதிக்கப்படலாம். ஆகவே வணிகம் பெரிதும் அயல்நாடுகளில் நடக்கிறது. இதில் ஒரு கேடு உண்டு. பதக்கம் ஓரிடத்திலும் சிற்றேடு வேறிடத்திலும் விற்கப்பட்டுவிட்டால், ஒருவரின் வரலாறு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

இத்தகைய தாள்களின் உண்மையான பயன் 2016இல் தெரிந்தது. ஆய்வாளர் ஆந்திரேய் ஷுகோவ் பல ஆண்டுகளாகப் பணி ஆணைகளிலிருந்தும் விருது ஆணைகளிலிருந்தும் திரட்டிய, 1935–1939 காலத்துப் பாதுகாப்பு அதிகாரிகள் ஏறத்தாழ 40,000 பேரின் பட்டியலை 'மெமோரியல்' அமைப்பு வெளியிட்டது. சரோஜினி நாயுடுவின் சகோதரர் வீரேந்திரநாத் சட்டோபாத்தியாயா 1937இல் லெனின்கிராடில் கைதாகி, செப்டம்பர் 2 அன்று சுடப்பட்டது இக்காலத்தில்தான். கொல்லப்பட்டோரின் பெயர்கள் அதற்கு முன்பே ஓரளவு வெளியாகியிருந்தன. கைது செய்தோரின் பெயர்கள் அப்போதுதான் வரிசையாக வந்தன. 2021 டிசம்பர் 28 அன்று மெமோரியலைக் கலைக்க ரஷ்ய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்பட்டியலில் பலரின் பதவி, விருது ஆகியவற்றுக்குக் கீழே, அவர்களும் சுடப்பட்ட தேதி இருக்கிறது.